‘எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்’ என்று விற்ற டோர்ச்: ஏமாந்துவிடாதீர்கள்

டிக்கோயாப் பக்கம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். கதையில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் இரவு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குள் நுழைவார். கையில் பிஸ்டல், அதன் குழலுக்கு அடியில் சின்ன டோர்ச். அந்த ஒரு வெளிச்சத்தில்தான் காட்சி முழுக்க. பிஸ்டல் ஹட்டனில் வாங்கிய பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான், கிளொக் (Glock) என்ற கைத்துப்பாக்கியின் மாதிரியில் வார்த்தது. (பொலிஸிலும் கிராம சேவகரிடமும் முன்னமே சொல்லி வைத்தோம். இருட்டில் அது பிளாஸ்டிக் என்று யாருக்குத் தெரியப்போகிறது?)

டோர்ச்சை ஒன்லைனில் பிடித்தேன். “ரெயில் இருக்கிற எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்” என்று போட்டிருந்தார்கள். (ரெயில் என்பது டோர்ச் மாதிரிச் சாமான்களை மாட்டக் குழலுக்கு அடியில் இருக்கும் பட்டை.) கேட்டும் பார்த்தேன். “அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு எடுங்க” என்று பதில் வந்தது. அப்படியேதான் எடுத்தேன். கூரியர்காரர் கையில் 6,800 ரூபாவைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விட்டார்.

பொருந்தவில்லை. டோர்ச்சின் மேல்பக்கம் இரண்டு தாடைகள், நடுவில் குறுக்கே ஒரு கட்டை. தாடைகள் ரெயிலின் இரு ஓரங்களையும் கவ்வ வேண்டும். குறுக்குக்கட்டை ரெயிலில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கி உட்கார வேண்டும். பிறகு பக்கத்துத் திருகாணியை முடுக்கினால் சரி. என்னுடையதில் கட்டை இறங்கவே இல்லை, பள்ளத்தின் மேல் ஏறி நின்றது. அப்படியே முடுக்கினேன், நின்ற மாதிரி தெரிந்தது. விசையை இரண்டு தடவை இழுத்ததும் டோர்ச் முன்னால் வழுக்கி, என் கால் பெருவிரலில் விழுந்தது. மூன்றாம் தடவை இன்னும் இறுக்கினேன். புத்தி வேண்டாமா? ரெயிலின் இடது ஓரம் ‘டக்’ என்று உடைந்து கையோடு வந்தது.

லேத் பட்டறையில் வேலை செய்யும் மச்சானிடம் கொண்டுபோனேன். வெர்னியரை வைத்து அளந்தார். கட்டை 5 மிலிமீட்டருக்கு மேல், பள்ளம் 4-ஐக் கொஞ்சம் தாண்டியது. “இதில் பொருந்த என்ன இருக்கு, மாப்பிள்ளை?” என்றார்.

அன்றிரவு உட்கார்ந்து தேடியதில்தான் விஷயம் விளங்கியது. பிக்கட்டினி ரெயில் என்று ஒன்று, அமெரிக்க இராணுவம் 1995-இல் வகுத்த அளவு. பள்ளத்தின் அகலம் 5.23 மிலிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01. நீளத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இதுதான். கைத்துப்பாக்கியில் கதை வேறு. பல கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டுகின்றன. கிளொக்கில் ஒரே ஒரு பள்ளம், அதுவும் பிக்கட்டினி அளவு இல்லை. விளையாட்டுச் சாமான் செய்கிறவன் அந்த ஒற்றைப் பள்ளத்தையும் விடாமல் நகல் எடுத்திருக்கிறான். இப்படிக் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறுவதால்தான் நல்ல டோர்ச்சுகளோடு அந்தக் குறுக்குக்கட்டை மூன்று நான்கு அளவுகளில் தனித்தனியாக வரும், கழற்றி மாற்றலாம். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டோர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொலித்தீன் பை, உள்ளே கறுப்புத் துண்டுகள். எனக்கு வந்த பெட்டியில் அந்தப் பை இல்லை!

கேட்டேன். முதலில் “படம் மாதிரிக்கு மட்டும்” என்றார்கள். அப்புறம் “நீங்கள் பலவந்தமாகப் பூட்டி உடைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது” என்றார்கள். உடைந்தது என் பிஸ்டல், அவர்களுடைய டோர்ச்சில் ஒரு கீறல்கூட இல்லை! மூன்றாவது செய்திக்கு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று பார்த்தால் கையில் பில் இல்லை, கூரியர் துண்டு மட்டும்தான். அதில் அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போன் நம்பர். அதுவும் வேலை செய்யவில்லை.

நாடகத்துக்கோ படத்துக்கோ இப்படி ஏதும் வாங்கப் போகிறவர்கள் ‘ரெயில் இருக்கிறதா’ என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பள்ளத்தை அடிமட்டத்தால் அளங்கள். டோர்ச்சின் குறுக்குக்கட்டைக்குப் பக்கத்திலும் அடிமட்டம் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றுக்கட்டைகள் எத்தனை வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பள்ளத்திலிருந்து விசைக்காப்பு வளையம் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். சின்னப் பிஸ்டல்களில் டோர்ச்சின் பின்புறம் அந்த வளையத்தில் போய் முட்டும். படம் அனுப்ப மறுத்தால் அந்தப் பக்கத்தை விட்டு வந்துவிடுங்கள்.

காட்சியைக் கடைசியில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றித்தான் எடுத்தோம். நேற்று அதே டோர்ச் படம், அதே பொலித்தீன் பையோடு மறுபடி கண்ணில் பட்டது. பக்கத்தின் பெயர் மட்டும் புதுசு. விலை 7,200.