மூன்று வருஷத்துப் புல்தரை: மண் கணக்கும் விதைக் கணக்கும்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே சரள் மண்ணில் வீடு. முன்வாசல் 40க்கு 22 அடி, அதாவது 880 சதுர அடி. ரெண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். 2022 ஆவணியில் அங்கே அருகம்புல் விதை போட்டேன். ஒரு வெள்ளம், மூன்று கோடை பார்த்தாயிற்று.

முதலில் மண். சரள் மேல் புல் நிற்க நாலு அங்குலமாவது நல்ல மண் வேண்டும். நாலு அங்குலம் என்பது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்கு. 880ஐ மூன்றால் வகுத்தால் 293 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், டிராக்டர் ஒரு நடைக்கு ஒரு யூனிட் மண் வரும் என்று நினைத்து, மூன்று நடை போதும் என்று சொல்லிவிட்டேன். டிராக்டர் ஓட்டி வந்தவர் அன்றைக்கே சொன்னார்: "அண்ணாச்சி, தண்ணி குடிச்சா மண்ணு அமுங்கிரும்லா, இன்னொரு நடை அடிச்சிருங்க." நான் கேட்கவில்லை.

பிறகுதான் டிராக்டர் பெட்டியை டேப் வைத்து அளந்தேன். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம்: 90 கன அடிதான். மூன்று நடைக்கு 270. ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தால் பல இடங்களில் மூன்று அங்குலம் இறங்குமுன்பே சரளில் 'நறுக்'கென்று முட்டியது. வைகாசியில் அந்தந்த இடத்துப் புல்தான் முதலில் மஞ்சளாய்ப் பழுத்தது. ஆனி, ஆடிக் காற்றில், காலையில் விட்ட தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்தது.

அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டினால் 366 கன அடி. 90 கன அடிப் பெட்டியில் ஏறக்குறைய நாலு நடை. விட்டுப்போன அந்த ஒரு நடையைப் பின்னால் ஒரே மூச்சில் கொட்டவும் முடியாது, கீழே புல் மூடி அழுகிவிடும். சலித்து, அரை அங்குலத்துக்கு உள்ளாகவே மூன்று தவணையாகத் தூவினேன். இதற்கே ரெண்டு வருஷம் போயிற்று.

அளவை விடவும் என்னை அழவைத்தது கோரை. செம்மண் ரெண்டு பங்குக்கு வண்டல் ஒரு பங்கு கலந்திருந்தது. அந்த வண்டலோடு கோரைக்கிழங்கும் வந்துவிட்டது. மேலே பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். கம்பியால் கிளறினால் கறுப்பாகக் குன்றிமணி அளவில் கிழங்கு, அதிலிருந்து நூல் மாதிரி வேர் ஓடி அடுத்த கிழங்கு. இன்னும் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். மண் வாங்குமுன் ஒரு சாக்கு வாங்கி, நனைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் வையுங்கள். என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு மீதி மண்ணுக்குச் சொல்லுங்கள்.

விதையில் நேர்மாறாகத் தப்பு செய்தேன். கடையில் சென்ட்டுக்கு ஒரு கிலோ என்றார்கள். மேல்தோல் நீக்கிய அருகு விதை சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும். 880 சதுர அடி என்பது 82 சதுர மீட்டர். முக்கால் கிலோவே தாராளம். நான் ரெண்டு கிலோவையும் தூவினேன். நெருக்கி முளைத்துத் துவண்டு, ஒரு பக்கம் பூஞ்சணம் பிடித்தது. வேப்பமரத்தடியில் ஒன்றுமே தேறவில்லை. அருகுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். அந்த 80 சதுர அடியைக் கணக்கிலிருந்தே கழித்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் ரெண்டு நாள் தண்ணீர் நின்றது. புல் சாகவில்லை, வடிந்த வாரமே துளிர்த்தது. சரிவில் மட்டும் 120 சதுர அடி மண்ணோடு போயிற்று. மாசியில் அங்கே 90 கிராம்தான் விதைத்தேன். காய்ந்த மணலில் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காக, பாதியைத் தெற்கு வடக்காக வீசி, தண்ணீர் டிரம்மை உருட்டி அழுத்தினேன். முதல் தடவை எறும்பு சாரை சாரையாக விதை சுமந்து போனதைப் பார்த்திருந்ததால் மேலே சலித்த மண்ணை மெல்லத் தூவினேன். எட்டாம் நாள் காலையில் குனிந்து பார்த்தால் ஊசி ஊசியாக முளை, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டுத் தண்ணீர். இன்றைக்கு முற்றத்திலேயே அடர்ந்த இடம் அதுதான்.

இப்போது பின்பக்கம் முக்கால் சென்ட் எடுத்திருக்கிறேன். 327 சதுர அடி, அமுங்குவதையும் சேர்த்து 136 கன அடி மண், கால் கிலோ விதை. சாக்கு மண்ணை நனைத்து வைத்து இன்றோடு நாலு நாள்.