ஜாடியில் புழு காட்டி மருந்து விற்பவரிடம் ஏமாந்துவிடாதீர்கள்

அந்தியூர்ப் பக்கம் எருமை வைத்திருப்பவர்கள் பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் முர்ரா எருமை மாசியில் கிடேரிக்கன்று போட்டது. பத்தாம் நாள் வாக்கில் வண்டியில் ஒருவர் வந்தார். கையில் கண்ணாடி ஜாடி, உள்ளே சாண் நீளத்துக்கு வெள்ளைப் புழுக்கள். "போன வாரம் பக்கத்து ஊர்ல ஒரு ஈத்து எருமை வயித்துல இருந்து விழுந்ததுங்க" என்றார். அதைப் பார்த்த பிறகு விலை பேசவா தோன்றும்? மூலிகைப் பூச்சி மருந்து என்று 350 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கி எருமைக்கு ஊற்றினேன். லேபிள் கிடையாது. கேட்டால், "நம்ம கைப்பக்குவம்ங்க."

கன்றுக்கும் ஊற்றட்டுமா என்றேன். "பச்சக்கன்னு, குடல் தாங்காதுங்க. மூணு மாசம் போகட்டும். மண்ணத் தின்னாத்தான் பூச்சி வரும், வாய்க்கூடு போட்டு வைங்க." போட்டேன்.

கன்றுக்கு மூன்று வாரம் தாண்டியதும் களிமண் நிறத்தில் கழிச்சல், கிட்டப் போக முடியாத வீச்சம். வயிறு மட்டும் பானை மாதிரி, முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. பால் அதிகமாகிவிட்டது என்று நாங்களாகவே ஒரு காம்பைக் குறைத்தோம். அந்தக் கூத்தில் ஐந்து நாள் போனது. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழைத்து டாக்டர் வருவதற்குள் கன்று செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தார். சிறுகுடலை அடைத்துக்கொண்டு கயிறு கயிறாக உருண்டைப்புழு.

வாய்க்கூட்டைக் காட்டினேன். "இதப் போட்டு என்னங்க பண்றது, பூச்சி பால்லயே வருதே" என்றார். தாயின் உடம்பில் ஒடுங்கிக் கிடக்கும் குஞ்சுப்புழு, ஈனுகிற சமயத்தில் மடிக்கு வந்து பாலோடு கன்றுக்குள் போய்விடுமாம். மூன்று வாரத்தில் முட்டையிடும் அளவுக்கு வளர்ந்துவிடும். அதனால்தான் பிறந்த 10 முதல் 15 நாளுக்குள், எடை பார்த்து, பைபரசின் மாதிரி மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஆள் வந்து நின்றதே பத்தாம் நாள்! ஜாடிக் கதையும் பொய். வளர்ந்த எருமையின் குடலில் அந்தப் புழு பெரும்பாலும் தங்காதாம்.

மிச்ச மருந்தை முகர்ந்து பார்த்தேன், வெல்லமும் பெருங்காயமும்தான். அந்த மட்டில் தப்பித்தோம். லேபிள் இல்லாத பாட்டிலில் அல்பென்டசோல் என்கிற பூச்சி மருந்து இருந்தாலும் நமக்குத் தெரியாது. சினை ஊசி போட்ட புதிதில் அது கருவுக்கு ஆகாது.

கன்று போனதில் எருமை சுரப்பு விட மறுக்கிறது. அரை லிட்டர் கறப்பதற்குள் விடிந்துவிடுகிறது. போன சந்தையில் அதே ஆள், அதே ஜாடி. இப்போது ஆட்டு மருந்தாம்.