பாரமா, வேகமா?

திருகோணமலை நிலாவெளி வீதியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள். ஒன்றில் இருவர்: மொத்தத் திணிவு 250 கிலோகிராம், வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். மற்றதில் ஒருவர்தான்: 180 கிலோகிராம், ஆனால் வேகம் இருமடங்கு.

எதற்கு இயக்கசக்தி, அதாவது ஓடுவதால் உள்ள சக்தி, கூட? இயக்கசக்தி (யூல் அலகில்) = ½ × திணிவு × வேகம் × வேகம். முதலாவதுக்கு 12,500 யூல். சரி, இரண்டாவதுக்கு? 36,000 யூல்! வேகத்தை வர்க்கிக்க மறந்தால் வெறும் 1,800 என்று வரும். பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பாரம் இரட்டித்தால் சக்தியும் இரட்டிக்கும், அவ்வளவுதான். வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு. பிறேக் ஒரே அளவாய்ப் பிடித்தாலும் நிற்கும் தூரம் நாலு மடங்காகும். பிரடெரிக் கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால், நான் பயப்படுவது அந்தத் தனி ஆளுக்குத்தான்.