பழைய துணியை யாரிடம் கொடுப்பது: பாத்திரக்காரரா, இல்லமா, கடைப் பெட்டியா?

போகிக்குப் பழைய துணியைக் கொளுத்தும் வழக்கத்தை விட்டுவிட்ட வீடுகளில் அடுத்த கேள்வி, அதை யாரிடம் கொடுப்பது என்பதுதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வரும் அம்மாவிடமே கொடுப்பது என்று முடிவு செய்தோம். வாசலுக்கே வருகிறார், கைக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணமும் கிடைக்கிறது என்பன எல்லாரும் அறிந்த வசதிகள். அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

கொடுக்க மனமிருந்தும் துணி மூட்டை மாதக்கணக்கில் பீரோவின் மேலேயே கிடப்பதற்குக் காரணம், தரம் பிரிக்கும் வேலை கொடுப்பவர் தலையில் விழுவதுதான். ஆதரவற்றோர் இல்லங்கள் துவைத்த, கிழியாத, அங்கிருப்பவர்களின் அளவுக்குப் பொருந்தும் உடைகளைக் கேட்பது முற்றிலும் நியாயம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களுக்கு லாரி லாரியாக வந்த பழைய துணிகள், உடுத்துபவர்களின் வழக்கத்தையும் தேவையையும் பாராமல் அனுப்பப்பட்டதால், வாங்க ஆளின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. பிரிக்காமல் கொடுத்த துணி பெறுபவருக்குச் சுமையாகவே போய்ச் சேரும்.

பாத்திரக்கார அம்மா அந்த வேலையைத் தம் தொழிலாகவே செய்கிறார். புடவையை வெளிச்சத்தில் விரித்து, மடிப்பில் இற்றிருக்கிறதா என்று இரு விரல்களால் இழுத்துப் பார்க்கிறார். பேண்ட்டில் ஜிப்பை ஏற்றி இறக்குகிறார். பருத்தியைத் தொட்டதுமே தனியாகப் போடுகிறார். உடுத்தத் தக்கவை மறுவிற்பனைக்குப் போகும். நைந்த பருத்தி ஈரத்தையும் எண்ணெயையும் நன்றாக உறிஞ்சுவதால் மெக்கானிக் பட்டறையில் துடைக்கும் துணியாகும். பாலியெஸ்டர் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. தரம் பிரிப்பதில்தான் மதிப்பு என்பது பெரிய தொழிலுக்கும் பொருந்தும்: ஹரியானாவின் பானிப்பட்டில் பழைய கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, பொத்தானும் ஜிப்பும் நீக்கி, நாராகக் கிழித்து மீண்டும் நூலாக்குகிறார்கள், நிறம் பிரித்தாகிவிட்டதால் பெரும்பாலும் சாயமேற்றும் செலவும் மிச்சம்.

பழைய துணியைச் சேகரிக்கத் துணிக்கடைகள் வைத்திருக்கும் பெட்டியை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை. கிழிந்ததையும் போடலாம் என்பது அதன் நல்ல அம்சம். ஆனால் சில கடைகள் அதற்கு ஈடாகத் தரும் தள்ளுபடிச் சீட்டு மறுபடி புதுத் துணி வாங்க இழுப்பதால், பீரோ காலியானதன் பயன் அங்கேயே பாதி போய்விடுகிறது.

இரண்டு வகைத் துணிகளை மட்டும் பாத்திரத்துக்குப் போடாதீர்கள். அசல் ஜரிகைப் பட்டுப்புடவையில் வெள்ளி இருப்பதால், அதற்கென்று வரும் வியாபாரியிடம் விலை கேட்டுக் கொடுப்பதே முறை. நல்ல நிலையில் உள்ள குழந்தைகளின் உடைகளை, என்ன வயதுக்குத் தேவை என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, துவைத்து மடித்து இல்லத்துக்கே கொடுங்கள்.