0.7 மில்லிமீட்டரில் ஏமாந்த கதை

ரிமோட் சாவி வேலை செய்யவில்லை என்று யாரிடமாவது காரைக் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள். தண்டம் கட்டிவிட்டு எழுதுகிறேன்.

என் சாவி ஒரு வாரமாகவே முரண்டு பிடித்தது. முதலில் தொலைவிலிருந்தே திறந்த கதவு, பிறகு காரை ஒட்டி நின்று அழுத்தினால்தான் திறந்தது. கடைசியில் அதுவும் இல்லை. ஆனால் சாவியைத் துளையில் போட்டுத் திருப்பினால் எஞ்சின் ஒழுங்காகக் கிளம்பியது. தூரம் சிறுகச் சிறுகக் குறைந்தால் பெரும்பாலும் பேட்டரிதான் தீர்கிறது. எஞ்சின் கிளம்புகிறது என்றால் உள்ளே இருக்கும் திருட்டுத் தடுப்புச் சிப் நலமாக இருக்கிறது. அதற்குப் பேட்டரியே வேண்டாம், துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இவ்வளவு விவரமும் பணம் போன பிறகுதான் வந்தது. வீட்டில் இருந்த இரண்டாவது சாவியை அழுத்திப் பார்க்கக்கூட அன்று தோன்றவில்லை.

சாவி வேலை செய்பவர் என் கண் முன்னேயே பேட்டரியை மாற்றினார். பட்டனை அழுத்தினார். சிறு விளக்குகூட எரியவில்லை. "போர்டு போய்விட்டது சார், புதுச் சாவிதான்" என்றார். கண்ணால் பார்த்த பிறகு சந்தேகம் எப்படி வரும்? ஒப்புக்கொண்டேன். பழைய சாவியை அவர் மேசை இழுப்பறைக்குள் போடப் போனார். எதையும் தூக்கிப்போட மனம் வராத என் கெட்ட பழக்கம் அன்று ஒருமுறை உதவியது, கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, வீட்டில் இருந்த இரண்டாவது கார் சாவியால் எஞ்சின் கிளம்பவில்லை. ரிமோட்டும் அசையவில்லை. பல கார்களில் புதுச் சாவியைப் பதிவு செய்யும்போது, அந்த நேரத்தில் உடன் இல்லாத சாவிகள் காரின் நினைவிலிருந்து அழிந்துவிடும். எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். தொலைபேசியில் கேட்டால், "அதற்குத் தனிக் கட்டணம் ஆகும்" என்றார்.

எரிச்சலில் பழைய சாவியைப் பிரித்தேன். உள்ளே, போட வேண்டிய பேட்டரியின் எண் சிஆர் 2032 என்று அச்சிட்டிருந்தது. அவர் போட்டிருந்தது சிஆர் 2025. இரண்டும் 3 வோல்ட், இரண்டுக்கும் விட்டம் 20 மில்லிமீட்டர். கடைசி இரண்டு இலக்கங்கள்தான் தடிமன்: ஒன்று 3.2 மில்லிமீட்டர், மற்றது 2.5. அந்த இடைவெளியில் தகட்டு நாக்கு பேட்டரியைத் தொடவே இல்லை. சரியான பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கார் மட்டும் திறக்கவில்லை. அதன் நினைவிலிருந்துதான் இந்தச் சாவியையும் அழித்தாகிவிட்டதே!

தெரிந்தே செய்தாரா, கைக்குக் கிடைத்ததைப் போட்டாரா என்று இன்னும் யோசிக்கிறேன். அறியாமை என்றால், விளக்கு எரியாதபோது பேட்டரியின் எண்ணைப் பார்ப்பதல்லவா முதல் வேலை? நேரில் போய் இரண்டு பேட்டரிகளையும் மேசைமேல் வைத்தேன். "புதுச் சாவி வேலை செய்கிறதல்லவா?" என்பதுதான் பதில். ஒரு ரூபாய் திரும்பவில்லை.

நீங்கள் போனால், கழற்றிய பேட்டரியின் எண்ணையும் போடுகிற பேட்டரியின் எண்ணையும் உங்கள் கண்ணால் படியுங்கள். பதிவு என்று பேச்சு வந்தால் இருக்கும் சாவிகள் அத்தனையும் கையில் இருக்கட்டும். பழைய சாவியை விட்டுவிட்டு வராதீர்கள்.

வேறொருவர் மூன்று சாவிகளையும் ஒன்றாகப் பதிவு செய்து கொடுத்தார். பழையதைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறேன். புதியது அலமாரியில் கிடக்கிறது. அதற்குள் இருப்பது 2032தான், பிரித்துப் பார்த்துவிட்டேன்.