நெஞ்சை அழுத்தினால் போதுமா, மூச்சும் கொடுக்கணுமா?

பெரியவர் ஒருவர் திடீரென்று சுருண்டு விழுகிறார். அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே கைமேல் கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழமாவது போகும்படி அழுத்துங்கள். பயிற்சி இல்லாதவர் இதை மட்டும் செய்தாலே போதும் என்பேன். முதல் சில நிமிடங்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதை மூளைக்குத் தள்ளுவதுதான் அவசரம். அமெரிக்க இதயச் சங்கமும் 2008-இலேயே இதை ஏற்றுக்கொண்டது.

சரி, மருத்துவர் பீட்டர் சாஃபர் 1950-களில் ஆராய்ந்து நிலைநாட்டிய வாய்வழி மூச்சு? நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது அவசியம். அவர்களுக்குப் பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் இதயம் நிற்கிறது. ஆக்சிஜன் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். தனியாளாக இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. அதற்காக அழுத்தத்தை 10 நொடிக்கு மேல் நிறுத்தவே கூடாது.