பிரேக் கோடும் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூலும்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கோடை (நிரலை) ஓட்டாமலே படித்துப் பிழை தேடுவதுதான் ஸ்டாட்டிக் அனாலிசிஸ் டூல். கார் ஸ்டியரிங் சாஃப்ட்வேர் எழுதும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கற டூலையே நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டார். டூலின் பெயரை அவரிடம் சொல்லியாயிற்று, இங்கே வேண்டாம். எங்களுடையது பிரேக் கண்ட்ரோலருக்கான சி கோடு, ஏசில்-டி, அதாவது வாகனப் பாதுகாப்பில் மிகக் கடுமையான நிலை. யார் கமிட் செய்தாலும் (மாற்றத்தைப் பதிந்தாலும்) ஜென்கின்ஸ் என்ற தானியங்கி சர்வரில் இந்த டூலின் சோதனை தானாக ஓடும்; சி மொழியைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா சி 2012 விதிகள்தான் அளவுகோல். புதிதாக விதிமீறல் வந்தால் மெர்ஜ் ஆகாது, அதாவது பொதுக் கோடோடு சேராது.

கண்டுபிடிக்கும் வேலையில் இதைக் குறை சொல்லவே முடியாது. ஒரு கணக்கில் இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கி, விடையை 32 பிட் மாறியில் போட்டிருந்தார்கள். படித்தால் தப்பே தெரியாது. ஆனால் எங்கள் பழைய கண்ட்ரோலரில் இன்ட் (சி-யின் வழக்கமான முழு எண் வகை) என்பதே 16 பிட். பெருக்கல் அந்த 16 பிட்டுக்குள் முடிந்த பிறகுதான் விடை பெரிய மாறிக்குப் போகும். 300-ஐ 250-ஆல் பெருக்கினால் 75,000-க்குப் பதில் 9,464 வரும். டெஸ்டில் சின்ன எண்களையே கொடுத்திருந்ததால் எல்லாம் பாஸ். சிறிய வகையில் போட்ட கணக்கின் விடையைப் பெரிய மாறியில் வைக்கக் கூடாது என்ற விதி 10.6-ஐக் காட்டி டூல்தான் நிறுத்தியது. டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், மொத்தப் பெருக்கலுக்கும் வெளியே ஒரு காஸ்ட் (வகை மாற்றம்) போட்டு வார்னிங்கை அடக்கப் பார்த்தான். அப்படி விடையைப் பெரிய வகைக்கு மாற்றுவதும் கூடாது என்று, விதி 10.8-இல் அதையும் பிடித்தது. பெருக்கும் முன்பே ஒரு எண்ணை 32 பிட் ஆக்கிய பிறகுதான் விட்டது. பிரேக்கில் இப்படி ஒரு பிழை வண்டி வரைக்கும் போயிருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ஹார்டுவேர் ரெஜிஸ்டரின் முகவரி எண்ணைப் பாயின்டராக (நினைவக இடத்தைச் சுட்டும் மாறியாக) மாற்றும் இடமெல்லாம் விதி 11.4-இல் மாட்டும். ஹார்டுவேரைத் தொடும் கோடில் அதைத் தவிர்க்க வழியில்லை. அது ஆலோசனை விதிதான், ஆனாலும் எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் காரணம் கேட்பார். எழுதி, ரிவியூ செய்து, ஒப்புதல் வாங்கி மூடி வைப்போம். அப்புறம் யாராவது ஒரு ஃபங்ஷனை வேறு ஃபைலுக்கு நகர்த்துவார்கள். கோடில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் மூடி வைத்ததெல்லாம் புது வார்னிங்காகத் திரும்பி வரும், எழுதிய காரணம் பழைய ஃபைல் பெயரோடு அநாதையாகக் கிடக்கும். ரிலீஸ் நேரத்தில் இது வந்தால் மொத்த டீமும் காப்பி-பேஸ்ட் வேலைக்கு உட்கார வேண்டியதுதான். இதில் கெட்டது நேரம் மட்டுமில்லை. பழைய காரணத்தைப் படிக்காமலே ஒட்டும் பழக்கம் வந்துவிடுகிறது. நூறு பழைய வார்னிங்கோடு ஓர் உண்மையான பிழை கலந்து வந்தால் அதற்கும் அதே காரணத்தை ஒட்டிவிடுவார்கள். தரத்தை உயர்த்த வைத்த கருவியே கவனத்தைத் தின்கிறது.

புது வெர்ஷனில் இதைச் சரிசெய்துவிட்டதாக விற்பவர்கள் சொல்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான தரமான ஐஎஸ்ஓ 26262-இன் 8-ஆம் பாகப்படி, டூலைத் தகுதிப்படுத்தியது அந்த வெர்ஷனுக்கும் நாம் பயன்படுத்தும் விதத்துக்கும்தான் செல்லும். வெர்ஷனை மாற்றினால் அந்தத் தகுதி இன்னும் நிற்கிறதா என்று திரும்பப் பார்த்துக் காகிதத்தில் காட்ட வேண்டும். புராஜெக்ட் நடுவில் அதற்கு எந்த மேனேஜரும் தலையாட்ட மாட்டார். ஆடிட்டில் நிற்கப்போவது அவர்தானே.

பெருக்கல் பிழையைப் பிடித்ததற்காகவே இதற்குக் கொடுத்த காசு தகும் என்று போன மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது ரிலீஸ் முடித்த களைப்பில் இருக்கிறேன், வாங்காதீர்கள் என்றுதான் நண்பருக்குச் சொன்னேன். அவர் விடவில்லை, டெமோ கேட்டிருக்கிறாராம். அப்படியானால் விற்பவரின் மாதிரி கோடைப் பார்க்க வேண்டாம். ஹார்டுவேரைத் தொடும் உங்கள் டிரைவர் ஃபைல் ஒன்றைக் கொடுத்து, நாலைந்து வார்னிங்குக்குக் காரணம் எழுதி மூடச் சொல்லுங்கள். பிறகு அந்த வார்னிங் வந்த ஃபங்ஷனை வேறு ஃபைலுக்கு மாற்றி அவர்கள் கண் முன்னாலேயே மறுபடி ஓட்டிப் பாருங்கள்.